சீன ஞானியும் ஒரு கையெழுத்தும்

எங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு இடம் போதவில்லை என்று என் கணவர் புறுபுறுப்பார். காரணம் கேடயங்கள். மகள் ஐந்து வயதிலிருந்து தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் வாங்கிக் குவித்தவை. மெல்பேர்னின் நோபல் பார்க் பகுதியில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவற்றைப் பார்க்காமல் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்க முடியாதபடி கதிரைகளைத் திருப்பிப் போட்டிருந்தேன். பெருமைதான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் பேச்சுகளை எழுதியவள் நான். மெல்பேர்னில் தமிழ்ப் பேச்சுப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. தாயோ தகப்பனோ எழுதுவார். பிள்ளை அதை ஆங்கில எழுத்தில் கைபேசியில் பதிந்து பாடமாக்கும். மேடையில் கையை நீட்டி மடக்கி, குரலை ஏற்றி இறக்கி ஒப்புவிக்கும். நடுவர்களுக்கும் தெரியும், மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். விண்ணப்பப் படிவத்தின் அடியில் 'இது என் பிள்ளையின் சொந்த ஆக்கம்' என்று ஒரு வரி இருக்கும். அதன் கீழே எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். நானும் வருடா வருடம் போட்டேன். பேனா ஒருமுறையும் தயங்கியதில்லை.

இந்த வருடம் மகளுக்குப் பதின்மூன்று வயது. பதினாலு வயதுக்கு உட்பட்டோருக்கு வந்த தலைப்பு எல்லாரையும் திடுக்கிட வைத்தது: 'பழைய சீன ஞானிகள் கண்ட அறிவும் கல்வியும் ஒழுக்கமும்.' பெற்றோரின் கைபேசிக் குழு அன்று முழுக்கக் கொதித்தது. எங்களிடம் இல்லாத ஞானிகளா, எதற்குச் சீனாவுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். இதையெல்லாம் எங்கள் ஆட்கள் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள் என்று இன்னொருவர். போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி. வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளையின் முன்னோர் என்ன யோசித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன குறைந்துவிடும் என்று அவர் பதில் எழுதினார்.

நான் வாயே திறக்கவில்லை. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வழக்கமான தலைப்பென்றால் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது பெரியப்பா எழுதி அனுப்பிவிடுவார். சீன ஞானிகளைப் பற்றி எந்தப் பெரியப்பாவிடமும் சரக்கு இருக்காது. புத்தகம் எடுத்துப் படிக்கிறவருக்குத்தான் இந்த முறை வெற்றி என்று கணக்குப் போட்டேன்.

எனக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கிற வேலை. நூலகத்திலிருந்து நாலு ஆங்கில மொழிபெயர்ப்புகளைத் தூக்கி வந்து ரயிலிலும் மதிய இடைவேளையிலும் படித்தேன். போட்டிக்காகத்தான் தொடங்கினேன். இரண்டாவது வாரம் போட்டி மறந்துபோய், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனேன். அந்த ஞானிகளில் மூத்தவர் தன் படிப்புக்கேற்ற வேலை தேடி நாடு நாடாக அலைந்திருக்கிறார். ஒரு மன்னனும் சரியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. வந்த புதிதில் பட்டத்தையும் பையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஏறி இறங்கிய எங்கள் ஆட்கள் எல்லாரும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அவருக்குப் பிறகு வந்த இன்னொரு ஞானியின் தாய், மகனின் படிப்புக்காக மூன்று தரம் வீடு மாறினாளாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வர வேண்டும் என்று கிளென் வேவர்லிக்கு வீடு மாறிய தமிழ்த் தாய்மாரில் ஆறு பேரை எனக்கு நேரிலேயே தெரியும்.

அந்த ஞானிகளுக்குள் ஒரு பெரிய சண்டையும் இருந்தது. மனிதர் பிறக்கும்போதே நல்லவர், அந்த முளையைக் கிள்ளாமல் விட்டால் போதும் என்றார் ஒருவர். அதெல்லாம் இல்லை, வளைந்த மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல மனிதரைப் படிப்பாலும் கட்டுப்பாட்டாலும் நிமிர்த்தித்தான் எடுக்க வேண்டும் என்றார் பின்னால் வந்தவர். நான் சந்தேகமே இல்லாமல் இரண்டாமவர் கட்சி. பிள்ளை வளர்த்த எவளும் அந்தக் கட்சியில்தான் இருப்பாள் என்று நினைத்தேன்.

என்னோடு வேலை செய்கிற சீனப் பெண்ணிடம், உங்கள் ஞானிகளைத்தான் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சின்ன வயதில் வகுப்பில் அதையெல்லாம் வரிசையாக எழுந்து நின்று ஒப்புவித்தார்களாம், ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாதாம். நானும் சேர்ந்து சிரித்தேன். என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

பேச்சை எழுதி முடித்தபோது என் எழுத்திலேயே எனக்கு மயக்கம் வந்தது. யோசிக்காமல் படிப்பது வீண் என்று அந்த மூத்த ஞானி நினைத்ததைச் சொன்னேன். ஒரு பொருளுக்கு இட்ட பெயர் அந்தப் பொருளோடு பொருந்தாவிட்டால் வீட்டிலிருந்து அரசாங்கம் வரை எல்லாமே குழம்பும் என்று அவர் கவலைப்பட்டதைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதை அவர் அறிவில் சேர்த்ததையும் சொன்னேன். அதைச் சும்மா சொல்வேனா? 'அறியாமையை அகத்தே மறைத்தல் அன்று, அஞ்சாது அதனை அறிவித்தலே அறிவுக் கோயிலின் தலைவாயில்' என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன். சமைத்துக்கொண்டிருந்த கணவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மகள் கஷ்டப்பட்டுப் பாடமாக்கினாள். அவளுக்கும் இந்த முறை வெல்ல வேண்டும் என்று ஆசை, எனக்காக மட்டுமல்ல. இங்கே வெல்லும் பிள்ளை தேசியப் போட்டிக்குச் சிட்னிக்குப் போகும். அவளுடைய உயிர்ச் சிநேகிதி இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு சிட்னிக்கு மாறிப்போனவள். அந்தப் பிள்ளை அங்கே மாநிலப் போட்டியில் வென்றுவிட்டாள். இரண்டு பேரும் ஒரே மேடையில், ஒரே பிரிவில். மூன்று நாள் சிநேகிதியின் வீட்டில் தங்குவது, யார் தோற்றாலும் அழக்கூடாது, என்ன நிறப் பாவாடை என்பது வரை பேசி முடித்திருந்தார்கள்.

பேச்சைப் பழகுகிறபோது காரில் ஒருநாள் கேட்டாள்.

"அம்மா, அந்த 'அறியாமையை அகத்தே' லைனுக்கு என்ன மீனிங்?"

"இப்ப பாடமாக்கு. பிறகு விளங்கும்."

சாப்பாட்டு மேசையில் இன்னொரு தரம் கேட்டாள். போட்டியன்று காலை தலை பின்னும்போதும் கேட்டாள். "அசையாமல் நில்" என்றேன்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். முதல் இரண்டு வரிசையும் தாய்மாருக்கு என்பது எழுதாத சட்டம். பிள்ளை மேடையில் தடுமாறினால் கீழே இருந்து தாய் வாயசைப்பாள். நடுவர்கள் காகிதத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வார்கள். நான் இரண்டாவது வரிசையின் நடுவில் இடம் பிடித்திருந்தேன்.

என் பிள்ளை ஒரு எழுத்தும் பிசகாமல் பேசினாள். தலைவாயில் என்ற இடத்தில் வலது கையை விரித்த அழகில் பின்னால் யாரோ "ஆ" என்றார்கள். கைதட்டல் ஓயவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்து, கதிரையில் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டேன்.

அப்போதுதான் நடுவரில் ஒருவர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். இந்த வருடத்திலிருந்து பேச்சு முடிந்ததும் ஒரு கேள்வி உண்டு, அதற்குப் பத்துப் புள்ளி என்று சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம். மூன்றாம் பக்கத்தை யார் பார்த்தது? அவளுக்கு முன் பேசிய பிள்ளைகளிடம் கேள்வி வந்தபோது அவர்கள் பேச்சின் வேறொரு துண்டை எடுத்து முழங்கித் தப்பிவிட்டார்கள்.

"மகள், நல்ல வடிவாப் பேசினீங்கள்," என்றார் நடுவர். "அறியாமையை அஞ்சாமல் அறிவிக்கிறது எண்டு ஒரு இடத்திலை சொன்னீங்களெல்லோ. அது என்ன எண்டு உங்கட சொல்லிலை சொல்லுங்கோ பாப்பம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயசைத்தேன். கண்ணை உருட்டி, உதட்டைப் பெரிதாக்கி, சத்தம் வராமல் முழு விளக்கத்தையும் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்தது. எட்டு வருடமாக என் உதட்டை வாசித்துப் பழகிய பிள்ளை. ஆனால் அவள் முகத்தைத் திருப்பி நடுவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது, அங்கிள். அம்மா எழுதினவ. நான் பாடமாக்கினனான்."

மண்டபத்தின் ஒரு மூலையில் யாரோ கிக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவியது. தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து குந்தியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சிட்னி போய்விட்டது.

காரில் ஏறியதும் கத்தத் தொடங்கினேன். மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன். இத்தனை வருடம் உனக்காக முறிந்து பாடுபட்டேனே என்றேன். அவள் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு நான் முடிக்கும்வரை இருந்தாள்.

"அவர் கேட்டவர். எனக்குத் தெரியாது. வேற என்ன சொல்லுறது?"

எதிர்த்துப் பேசும் குரல் அல்ல. உண்மையாகவே கேட்டாள், வேறு ஏதாவது வழி இருந்ததா என்று. டண்டினோங் வீதியின் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் எனக்கு விஷயம் மெல்ல விளங்கியது. அந்த வசனத்துக்கு அர்த்தம் தெரியாத பிள்ளை அதைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள். அர்த்தம் தெரிந்து, அலங்காரம் பண்ணி எழுதிய நான் கீழே இருந்து வாயசைத்தேன். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வீட்டில் நிமிர்த்தி எடுக்கப்பட்ட மரமும் அல்ல இது. பிறவியிலேயே முளை இருக்கிறது என்ற அந்த ஞானியிடம் மனதுக்குள் தோற்றுப்போனேன். ஆனாலும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குகிற ஆள் நான் இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் வேலையில் இருந்தபோது செயலாளர் அழைத்தார்.

"அக்கா, ஒரு நல்ல செய்தி. கேள்வி கேக்கிறதைப் பற்றி ஒழுங்கா அறிவிக்கேல்லை எண்டு கனபேர் முறைப்பாடு. அந்தப் பத்துப் புள்ளியையும் எடுத்துவிடுறம். எடுத்தா உங்கட மகள்தான் முதலாவது."

நான் இருந்த இடத்திலேயே துள்ளினேன்.

"ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருக்கு, அக்கா. அம்மா எழுதினவ எண்டு பிள்ளை மேடையிலை சொன்னது வீடியோவிலை கிடக்கு. நாளைக்கு ஆரும் கேள்வி கேட்டால் எங்களுக்குக் கையிலை ஒண்டு வேணும். பிள்ளை பதட்டத்திலை பிழையாச் சொல்லிப்போட்டுது, பேச்சு அவவின்ர சொந்த ஆக்கம்தான் எண்டு நானே ஒரு கடிதம் அடிச்சு அனுப்புறன். நீங்கள் சைன் வைச்சால் போதும்."

நல்ல மனிதர். எங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். கடிதம் சில நிமிடத்தில் வந்தது. வேலையிடத்திலேயே அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். நாலு வரிதான். படிவத்தில் வருடா வருடம் நான் ஒப்பமிட்ட அதே சொற்கள், அவற்றோடு ஒரு வரி மட்டும் கூடுதல்: மேடையில் மகள் சொன்னது பிழை.

பேனாவை எடுத்தேன். அந்தப் பேனாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தயக்கம் வந்தது. பெயர் பொருளோடு பொருந்த வேண்டும் என்று கவலைப்பட்ட மனிதரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். எனக்கு முன்னால் கிடந்த கடிதத்தில் என் எழுத்துக்கு மகளின் பெயர், மகளின் உண்மைக்குப் பிழை என்ற பெயர். இத்தனை வருடமும் நான் போட்ட கையெழுத்துகள் என்னைத்தான் பொய்க்காரி ஆக்கின. அதை எப்படியோ தாங்கிக்கொண்டு கேடயம் துடைத்தேன். இது அவளைப் பொய்க்காரி ஆக்கும்.

அதற்குள் மகள் பள்ளியிலிருந்து ஓடி வந்தாள். செய்தி எப்படியோ பிள்ளைகளுக்குள் பரவியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் நின்று குதித்தாள்.

"அம்மா, நான் சிட்னிக்குப் போறனாமே! உண்மையோ?"

"இதிலை நான் கையெழுத்து வைச்சால் போகலாம்."

"அப்ப வையுங்கோ! பிளீஸ், அம்மா!"

இந்த இடத்தில் வைத்துவிட்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். அவள் கேட்கிறாள், சங்கம் கேட்கிறது, தடுக்க யாரும் இல்லை. ஆனால் போட்டிக்கு முன் அவள் மூன்று முறை கேட்டும் நான் சொல்லாமல் விட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்த நாலு வரிக்காவது அர்த்தம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடிதத்தை வரி வரியாக, அவளுக்கு விளங்குகிற தமிழில், ஆங்கிலமும் கலந்து சொன்னேன்.

அவள் குதிப்பது நின்றது.

"அப்ப நான் பொய் சொன்னனான் எண்டு வருமா?"

"ஓம். பதட்டத்திலை பிழையாச் சொன்னனி எண்டு வரும்."

"நான் பதட்டப்படேல்லையே." அவள் கடிதத்தின் கடைசி வரியை விரலால் தொட்டாள். "அம்மா, ஆனா எனக்குப் போகவேணும்."

"தெரியும், செல்லம்."

அவள் அழத் தொடங்கினாள். இதை அவள் தலையில் போடக்கூடாது, இந்த முடிவு என்னுடையது என்று அந்த நிமிடத்தில் தெளிவாகத் தெரிந்தது. கைபேசியை மேசையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டு, அவள் முன்னாலேயே செயலாளரை அழைத்தேன்.

"தம்பி, நான் சைன் வைக்கேல்லை. அந்தப் பேச்சை எழுதினது நான்தான். இது மட்டுமில்லை, முதல் வருசத்திலையிருந்து எல்லாம் நான்தான் எழுதினனான். என்ர மகள் மேடையிலை சொன்னது உண்மை. அதைப் பிழை எண்டு ஆரும் எழுத நான் விடமாட்டன்."

அவர் தாழ்ந்த குரலில், "அக்கா, எல்லாரும்தானே எழுதிக் குடுக்கிறம்," என்றார்.

"ஓம், தம்பி. நான் என்ரையை மட்டும்தான் சொல்லுறன். வேண்டுமெண்டால் கேடயங்களைத் திருப்பிக் கொண்டுவந்து தாறன்."

"சீ, சீ, அதெல்லாம் வேண்டாம், அக்கா," என்று பதறினார். புதுக் கணக்கில் இரண்டாவதாக வந்த பிள்ளையை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. நான் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு நின்றேன். பிள்ளையின் ஒரே ஆசையை என் கையாலேயே முறித்துவிட்டேன். சரியானதைச் செய்தால் மனம் லேசாகும் என்று அந்த ஞானிகளில் யாராவது சொல்லியிருந்தால், அவர் பதின்மூன்று வயதுப் பிள்ளையை வளர்த்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

அழுகை ஓய்ந்ததும் அவள் சிட்னிச் சிநேகிதியை அழைப்பது கேட்டது. எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை, அதற்கு நான் பொறுப்பல்ல. அம்மா சைன் வைக்கவில்லை, வர முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மூக்கை உறிஞ்சினாள். நான் அடுப்பை விட்டுவிட்டு அவள் கதவோரம் போனேன். மற்றப் பக்கத்திலிருந்து அந்தப் பிள்ளை பெரிய சத்தத்தில் கேட்டாள், எல்லா அம்மாமாரும்தானே சைன் பண்ணுகிறார்கள், உன் அம்மா ஏன் பண்ணவில்லை என்று.

"ஏனெண்டா எழுதினது அவதானே," என்றாள் என் மகள். அதைத் தமிழில் சொன்னாள். பிறகு குரல் மாறி, வேகமாக ஆங்கிலத்துக்குத் தாவினாள். நீ கேட்டிருக்க வேண்டும், அம்மா ஸ்பீக்கரில் போட்டு நேரே அவர்களிடமே சொல்லிவிட்டார், முதல் வருடத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், என் மகள் சொன்னது உண்மை என்றார், கொஞ்சமும் பயப்படவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். அந்தப் பிள்ளை "வாவ்" என்றாள். "ஐ நோ," என்றாள் என் மகள்.

அவள் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பருப்பு அடிப்பிடித்தது. நான் கதவோரத்திலேயே நின்றேன்.